நம்ம இனத்துல இதெல்லாம் இல்ல

மார்சிலிங்கில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு ஓய்வே கிடையாது. ஒரு வாரம் மலாய்க் கல்யாணம். கொம்பாங் சத்தம் ஆறாவது மாடிவரை கேட்கும், நெய்ச்சோறு மணக்கும். அடுத்த வாரம் அதே இடத்தில் சீனச் சாவு, மூன்று நாள் ஊதுபத்திப் புகை. யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. சத்தம் அதிகமானால் ஜன்னலைச் சாத்திக்கொள்வோம், அவ்வளவுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு தமிழர் வீட்டுச் சாவு. செத்தவருக்கு அறுபதுக்குக் கொஞ்சம் குறைச்சல். ஒரு சீனரோடு பத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர். 'கூட்டாளி, வீட்டுச் செலவைப் பங்கு போட்டுக்கிறாங்க' என்பது புளோக் முழுக்க ஒப்புக்கொண்ட விளக்கம். உண்மை எல்லாருக்கும் தெரியும், தெரியும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சாவுக்கு அண்ணன் தம்பிகள், அக்கா பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள். கொள்ளி போடுவது யார் என்று பேச்சு நடந்தது. பத்திரிகை மரண அறிவிப்பில் பதினெட்டுப் பெயர்கள் இருந்தன. அந்தச் சீனரின் பெயர் இல்லை. அவர் அக்கம்பக்கத்துக்காரர்களோடு கடைசி வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலியில், கையில் பொட்டலத் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தார். 

எனக்குப் பக்கத்தில் எங்கள் மாடி அக்கா. எழுபது வயது, வெள்ளிக்கிழமை தவறாமல் மார்சிலிங் ரைஸில் இருக்கிற சிவ-கிருஷ்ணர் கோயிலுக்குப் போகிறவர். "பாவம் அந்த ஆளு" என்றார் என்னிடம் மெதுவாக. நான் சும்மா இருக்காமல், "அவங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிருந்தா இன்னைக்கு முன்னாடி உக்காந்திருப்பாருல்ல?" என்றேன். அக்கா சட்டென்று நிமிர்ந்தார். "அது வேற தம்பி. நம்ம இனத்துல இதெல்லாம் இல்ல." கொஞ்சம் கழித்து, "நம்ம சமயத்துலயும் இல்ல." இன்னும் கொஞ்சம் கழித்து, என்னிடம் இல்லை, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, "நாலு பேர் என்ன சொல்வாங்க."

இந்த மூன்று காரணங்களும் அந்த வரிசையிலேயே வந்தது என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. முதலில் இனம், பிறகு சமயம், கடைசியில் நாலு பேர். உண்மையான காரணம் மூன்றாவதாகச் சொன்னதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் 'நாலு பேருக்குப் பயந்து' என்று சொன்னால் அது பலவீனமாகத் தெரியும். 'என் இனம், என் சமயம்' என்றால் யாரும் எதிர்த்துக் கேட்க முடியாது. அதுவும் இந்த ஊரில் அந்த இரண்டையும் எதிர்த்துக் கேட்கக் கூடாது என்று நாம் பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கப்பட்டவர்கள்.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். பியூ ஆய்வு நிலையம் 2023இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், சிங்கப்பூரில் 45 விழுக்காட்டினர் ஒருபாலினத் திருமணத்தை ஆதரித்தார்கள், 51 விழுக்காட்டினர் எதிர்த்தார்கள். எந்தச் சமயமும் இல்லை என்பவர்களிடம் ஆதரவு 62. பௌத்தர், இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என எந்தச் சமயத்தவரிடமும் அந்த அளவுக்கு இல்லை. எங்கள் புளோக்கின் மேல்மாடியிலிருந்து பார்த்தால் ஜொகூர் கட்டடங்கள் தெரியும். அந்தப் பக்கம், மலேசியாவில், ஆதரவு 17 தான். இந்தியாவில் 53. ஆக சமயம் கணக்கில் வருகிறது, நாடும் வருகிறது. இனம்? அங்கேதான் குழப்பம்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர் மலாய்க்காரர்களில் ஏறத்தாழ 99 விழுக்காட்டினர் முஸ்லிம்கள். அவர்களில் ஒருவர் 'நான் இப்படி' என்று வீட்டில் சொன்னால் ஒரே நேரத்தில் சமயமும் இனமும் கையைவிட்டுப் போகிற பயம் வரும். இரண்டையும் பிரிக்கக் கத்தி வைக்க இடமில்லை. சீனர்களிடம் அப்படி இல்லை. பௌத்தர், தாவோ சமயத்தார், கிறிஸ்தவர், ஒன்றுமில்லாதவர் என்று ஒரே குடும்பத்து மேசையில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். இந்தியர் என்று அடையாள அட்டையில் போட்டிருக்கும் நம்மில் நூற்றுக்கு ஏறத்தாழ 57 பேர் இந்துக்கள், 23 பேர் முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று பேர். அப்புறம் 'நம்ம இனத்துல' என்று அக்கா சொல்வது எந்த இனம்? மூன்று வேதங்களும் ஒரே பதிலைச் சொல்கின்றனவா?

சொல்லவில்லை. பேச்சு சூடாக இருந்த காலத்தில் எனக்குக் கேட்ட பலத்த குரல்கள் தேவாலயங்களுடையவை, இஸ்லாமிய அமைப்புகளுடையவை. 2014இல் ஹொங் லிம் பூங்காவில் பிங்க் டாட் கூட்டம் நடந்தபோது 'வெள்ளை அணிவோம்' என்று எதிர் இயக்கம் தொடங்கியது ஓர் இஸ்லாமிய ஆசிரியர், கைகொடுத்தது ஒரு பெரிய தேவாலயத்தின் போதகர். இரண்டு சமயங்கள் இவ்வளவு ஒற்றுமையாக நின்ற வேறு சந்தர்ப்பத்தை நினைவுபடுத்திப் பார்க்கிறேன், சீக்கிரம் கிடைக்கவில்லை. இந்துக் குரல் ஓங்கி ஒலித்ததாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் இந்துத் தமிழ் வீட்டில் மறுப்பு கொஞ்சமும் குறைச்சல் இல்லை. வேதத்தில் இடம் தேடாமலே மறுப்பு வந்துவிடுகிறது. ஜாதகம், சொந்தம், சாதி (ஆமாம், சிங்கப்பூரிலும் சாதி, கல்யாணப் பேச்சில் மட்டும் தலைகாட்டும்), பேரப்பிள்ளை, கொள்ளி. சீனர் வீட்டில் வம்சத்தின் பெயரைச் சுமக்க ஆண்பிள்ளை வேண்டும் என்கிற அதே கவலை. நம் எதிர்ப்பின் வேர், கல்யாணம் என்பது இரண்டு ஆட்களுக்கு நடுவில் நடப்பதல்ல, இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் நடப்பது என்கிற எண்ணத்தில் இருக்கிறது. சமயம் அதற்கு மேலே போர்த்திய சால்வை.

இந்த இடத்தில் நண்பர்கள் சிலர் புராணத்தை எடுப்பார்கள். மோகினியாக வந்த திருமால், சிவன், அவர்களுக்குப் பிறந்த ஐயப்பன். எங்கள் கோயிலின் பெயரே சிவ-கிருஷ்ணர் என்று வேறு இருக்கிறதே என்பார்கள். எனக்கு இந்த வாதத்தில் நம்பிக்கை இல்லை. சாமிக்குக் கிடைத்த அனுமதி பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கிடைத்ததாகச் சரித்திரமில்லை. அர்த்தநாரீசுவரரைக் கும்பிட்டுவிட்டு வந்து மகனைக் கண்டபடி ஏசுகிறவர்களை எனக்குத் தெரியும். நீதிமன்றத்தில் வேண்டுமானால் பாரம்பரியத்தைக் காட்டிப் பேசிப் பயன் கிடைக்கலாம். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தூத்துக்குடியில் ஓர் ஆணுக்கும் திருநங்கைக்கும் கோயிலில் நடந்த திருமணத்தைப் பதிவுசெய்யச் சொன்னது. இந்துத் திருமணச் சட்டத்தில் உள்ள 'மணமகள்' என்ற சொல்லின் பொருள் மாறாமல் உறைந்து கிடக்க வேண்டியதில்லை என்றார் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன். 2023 அக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றம் ஒருபாலினத் திருமணத்தை உரிமையாக ஏற்க மறுத்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

இப்போது சிங்கப்பூர்ச் சட்டத்துக்கு வருகிறேன். எங்கள் தொகுதிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 2022 ஆகஸ்ட் 21 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ சியன் லூங், ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கும் 377ஏ பிரிவு நீக்கப்படும், கூடவே திருமணத்தின் இலக்கணம் நீதிமன்றச் சவாலிலிருந்து காக்கப்படும் என்று அறிவித்தார். 377ஏ 1938இல் பிரிட்டிஷார் சேர்த்தது, இரண்டு ஆண்டுவரை சிறை. 'மேற்கத்திய இறக்குமதி' என்று நாம் எதைச் சொல்ல வேண்டும் என்கிற பழைய வேடிக்கையை இங்கே விட்டுவிடுகிறேன். நவம்பர் 29 அன்று நாடாளுமன்றம் இரண்டையும் செய்தது. நீக்கத்துக்கு ஆதரவு 93, எதிர்ப்பு 3. அரசமைப்புத் திருத்தத்துக்கு ஆதரவு 85, எதிர்ப்பு 2, வாக்களிக்காமல் ஒதுங்கியவர் 2. மசோதாவுக்கு ஒப்புதல் கொடுத்த அதிபர் ஹலிமா யாக்கோப் அதற்கு முன் மார்சிலிங்கின் நாடாளுமன்ற உறுப்பினர். தம் பொறுப்புக் காலத்தில் திருமணத்தின் இலக்கணம் மாறாது என்று அப்போது சொன்ன லாரன்ஸ் வோங், மார்சிலிங்-இயூ டீ குழுத்தொகுதி உறுப்பினர், இன்றைய பிரதமர்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. திருமணம் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் என்று அரசமைப்பில் எழுதிவைக்கவில்லை. புதிய 156ஆம் பிரிவு சொல்வது, அந்த இலக்கணத்தைத் தீர்மானிக்கிற வேலை நாடாளுமன்றத்துடையது, நீதிமன்றம் அடிப்படை உரிமைகளைக் காட்டி அதைத் தள்ளுபடி செய்ய முடியாது என்பதுதான். நாளைக்கே சாதாரணப் பெரும்பான்மையில் நாடாளுமன்றம் அதை மாற்றலாம். முன்பு மாற்றியும் இருக்கிறது. 1961 மாதர் சாசனம் வரும்வரை இங்கே சீனர், இந்து ஆண்கள் ஒன்றுக்கு மேல் மணம் செய்ய முடிந்தது. 1908இல் ஒரு பணக்காரச் சீனரின் சொத்துக்கு ஆறு பெண்கள் 'நான்தான் விதவை' என்று வழக்குப் போட்டார்கள். பலதார மணம் சீனர் வழக்கம், அதனால் சரி என்றது பிரிட்டிஷ் நீதிமன்றம். அந்த வழக்கத்தைத்தான் 1961இல் சட்டம் ஒழித்தது. 'எங்கள் பண்பாடு' என்று அன்றைக்கும் ஆண்கள் சொல்லியிருக்க மாட்டார்களா? பிறகு 1996இல் இன்னொரு திருத்தம்: பால்மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் தம் புதிய பாலினத்தின்படி மணம் செய்யலாம், ஆனால் ஒருபாலினத் திருமணம் செல்லாது. ஒரே திருத்தத்தில் ஒரு கதவு திறந்தது, ஒரு கதவு சாத்தியது.

அதைவிட முக்கியம், இந்த நாட்டில் திருமணத்துக்கு இன்றைக்கும் ஒரே இலக்கணம் கிடையாது. மற்றவர்களுக்கு மாதர் சாசனம், முஸ்லிம்களுக்கு முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம். என் தளத்தில் எனக்கு ஒரு மனைவிதான் சட்டப்படி. எதிர்வீட்டுக்காரர், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, இன்னொருத்தியை மணக்க அனுமதி கேட்கலாம். அதனால் என் கல்யாணம் ஆட்டம் கண்டதாக எனக்குத் தெரியவில்லை.

இதை ஒரு நாள் காப்பிக்கடையில் என் தமிழ் முஸ்லிம் நண்பரிடம் சொன்னேன். தொழுகை முடித்து அன்-நூர் பள்ளிவாசலிலிருந்து வந்திருந்தார். கோபப்படவில்லை. "பாய், நீங்க சொல்றது சரிதான். ஆனா எங்க பக்கம் யோசிங்க. நாங்க நூத்துக்குப் பதினஞ்சு பேரு. எங்களுக்குன்னு நாட்டுல இருக்கிற தனிச் சட்டம் கல்யாணமும் சொத்தும்தான். கல்யாணம்னா என்னன்னு அரசாங்கம் கை வைக்க ஆரம்பிச்சா, அடுத்தது எங்ககிட்ட வராதுன்னு யார் சொல்றது?" 

இந்தப் பயத்தைக் கேலி செய்கிறவர்கள் சிங்கப்பூரை அறியாதவர்கள். 1950 டிசம்பரில் மரியா ஹெர்தோக் என்ற சிறுமியின் வழக்கில் நீதிமன்றம் அவளுடைய முஸ்லிம் திருமணத்தைச் செல்லாது என்றதும் கலவரம் வெடித்து 18 பேர் செத்தார்கள். வளர்த்த குடும்பத்திடமிருந்து பிரித்து, டச்சுப் பெற்றோரிடம் அவளைக் கொடுத்தது வெள்ளைக்கார நீதிமன்றம். சிறுபான்மையின் திருமணத்தை நீதிபதி தொட்டால் என்ன ஆகும் என்பது இந்த நாட்டின் நினைவில் எரிந்த தழும்பு. நீதிமன்றத்தை ஒதுக்கிவைத்த 2022 திருத்தத்தில் அந்தத் தழும்பின் நிழல் விழுந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

ஆனாலும் நண்பரிடம் ஒன்று கேட்டேன். உங்கள் சமயம் ஏற்காத திருமணம் இப்போதே நம் புளோக்கில் இல்லையா? முஸ்லிம் ஒருவரும் முஸ்லிம் அல்லாத ஒருவரும் மதம் மாறாமல் திருமணப் பதிவகத்தில் மாதர் சாசனத்தின்கீழ் மணந்துகொள்ளலாம். சட்டத்துக்கு அது திருமணம், சமயத்துக்கு அல்ல. அதற்காக உஸ்தாத் யாரையும் அதை ஆசீர்வதிக்கச் சொல்லவில்லை, உங்கள் சட்டத்தில் ஒரு வரியும் மாறவில்லை. பதிவகத்தின் கதவும் பள்ளிவாசலின் கதவும் வேறு வேறு என்பதோடு இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறோம். அவர் தே தாரேவை ஆற்றிக்கொண்டே இருந்தார். "அது ஒத்துக்கிறேன். ஆனா அதுவும் எங்களுக்கு வலிதான்" என்றார். அந்தப் பதில் நேர்மையானது. என்னிடம் அதற்கு மறுமொழி இல்லை. ஒருவருக்கு வலிக்கிறது என்பது இன்னொருவருடைய வாழ்க்கைக்குக் கதவடைக்கப் போதுமான காரணமா என்று மட்டும் எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

எனக்குப் பெரிய சிக்கலாகத் தெரிவது வேறு. இந்த ஊர் இடம் கொடுப்பதே இனங்களுக்கும் சமயங்களுக்கும்தான். 1989 முதல் வீவக வீடுகளில் இன விகிதம் உண்டு. ஒரு புளோக்கில் இந்தியருக்கும் பிறருக்கும் சேர்த்து இப்போது 15 விழுக்காடுவரை. அடையாள அட்டையில் இனம், பள்ளியில் இனத்துக்கேற்பத் தாய்மொழி, விடுமுறையில் ஒவ்வொரு சமயத்துக்கும் பங்கு. நல்ல ஏற்பாடு, நான் அதன் பலனில் வாழ்கிறவன். ஆனால் அதன்படி ஒன்றைக் கேட்டுப் பெற வேண்டுமானால் ஒரு கட்டத்துக்குள் இருக்க வேண்டும், அந்தக் கட்டத்துக்காகப் பேச ஒரு பெரியவர் வேண்டும். கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருந்த அந்தச் சீனரும் போய்ச்சேர்ந்த தமிழரும் எந்தக் கட்டம்? அவர்களைப் போன்றவர்கள் எல்லா இனத்திலும், எல்லாச் சமயத்திலும், எல்லா மாடியிலும் பிறக்கிறார்கள். அவர்களுக்கு விகிதம் போட முடியாது. அவர்களுக்காகப் பேச வேண்டியவர்கள் அவரவர் இனத்துப் பெரியவர்கள். அந்தப் பெரியவர்களோ 'எங்கள் சமூகம் இன்னும் தயாராக இல்லை' என்கிறார்கள். அப்படிச் சொல்லும்போது, அந்தச் சமூகத்துக்குள்ளேயே இருக்கிற அந்த மகனையும் மகளையும் அவர்கள் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. சமூகத்தின் கருத்தைக் கேட்கும் இடத்திலேயே அவர்கள் விடுபட்டுப் போகிறார்கள்.

விடுபட்டவர்கள் என்ன செய்கிறார்கள்? திருமணம் ஒரே கையெழுத்தில் கொடுப்பதைத் துண்டு துண்டாகத் தைத்துக்கொள்கிறார்கள். 35 வயதுவரை பொறுத்திருந்து, திருமணமாகாத இருவர் என்ற பெயரில் சேர்ந்து வீடு வாங்கலாம். மத்திய சேம நிதிக்கு ஒருவரை ஒருவர் நியமித்துக்கொள்ளலாம். நினைவு தவறினால் யார் முடிவெடுப்பது என்று பத்திரம் எழுதலாம். உயில் எழுதலாம். எழுதாமல் செத்தால் சட்டப்படி சொத்தில் பங்கு கேட்க கூட வாழ்ந்தவர் யாரோ ஒருவர்தான். இவ்வளவையும் சரியாகத் தைத்தாலும், பெட்டிக்குப் பக்கத்தில் யார் நிற்பது என்பதற்குப் பத்திரம் கிடையாது.

அக்கா சொன்ன முதல் காரணத்துக்குத் திரும்புகிறேன். நம்ம இனத்துல இல்ல. 'நம்ம இனம்' என்று சிங்கப்பூரில் நாம் பெருமையோடு சொல்லக் கற்றுக்கொடுத்தவர்களில் முதன்மையானவர் கோ. சாரங்கபாணி. தமிழர் சீர்திருத்தச் சங்கம், 1935இல் தமிழ் முரசு, தமிழர் திருநாள், எல்லாவற்றிலும் அவர் கை உண்டு. அவர் மணந்தது லிம் பூன் நியோ என்ற சீனப் பெண்ணை. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தை இங்கே பரப்பியதும் அந்தத் தலைமுறைதான். தமிழ்நாட்டில் அண்ணாதுரை அரசு 1967இல் சட்டம் கொண்டுவரும்வரை அந்தத் திருமணங்களைச் சட்டம் ஒப்புக்கொள்ளவில்லை. மந்திரம் இல்லாமல், தீ இல்லாமல் நடந்தால் அது கல்யாணமே இல்லை, பிள்ளைகள் முறையற்றவர்கள் என்ற பேச்சைச் சுமந்துகொண்டு பலர் குடும்பம் நடத்தினார்கள். இன்றைக்கு அது தமிழர் பண்பாட்டில் ஒன்று, பாடத்தில் படிக்கிறோம். வேற்றினத்துக் கல்யாணமும், ஐயர் இல்லாத கல்யாணமும் ஒருபாலினக் கல்யாணமும் ஒன்றேதான் என்று நான் சொல்லவில்லை. 'நம்ம இனத்துல இல்ல' என்ற வாக்கியம் இதற்கு முன் எத்தனை தடவை சொல்லப்பட்டது, அது எத்தனை தடவை பொய்யாகப் போனது என்று மட்டும் எண்ணிப் பார்க்கிறேன்.

இதை அக்காவிடம் சொன்னேனா என்றால் இல்லை. சாவு வீட்டில் சாரங்கபாணியைப் பற்றிப் பேச முடியாது.

உடலை மண்டாய்க்கு எடுக்கும் நேரம் வந்தது. எல்லாரும் எழுந்தார்கள், அந்தச் சீனரும் எழுந்தார், ஆனால் நகரவில்லை. எங்கள் எதிர்வீட்டு மலாய்க்காரப் பெரியவர், எல்லாரும் பக்சிக் என்று கூப்பிடுவோம், கல்யாண விஷயத்தில் என் நண்பரைவிடவும் கண்டிப்பானவர், போய் அவர் முழங்கையைப் பிடித்து வரிசையின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். அண்ணன்காரர் ஒரு நிமிஷம் பார்த்தார், பிறகு கொஞ்சம் தள்ளி நின்று இடம் விட்டார். பேருந்தில் மட்டும் அவருக்கு இடம் இல்லை. குடும்பத்துக்கு மட்டும் என்றார்கள். அவர் டாக்சி பிடித்துப் போனார்.

பதினாறாம் நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, கோயில் பிரசாதத்தோடு அக்கா லிஃப்டில் நின்றிருந்தார். எங்கள் மாடிப் பொத்தானை அழுத்தவில்லை, அந்த வீட்டு மாடியை அழுத்தியிருந்தார். "தனியா இருக்காரு, சாப்பிட்டாரோ என்னமோ" என்றார். கதவு மூடும்போது, நான் ஒன்றும் கேட்காமலே, "ஆனா கல்யாணம்னா அது வேற தம்பி" என்றார்.